சாமுவுக்கு நான் படிப்பிக்காத சொல்

நேற்று உங்கள் ஆசிரியர் அறை மேசைமேல் கிடந்த ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பதினெட்டு வயது முடிந்து, பள்ளியை விட்டு வேலைக்குப் போகப்போகும் ஒரு பையனுடையது. ‘சொன்னதைச் செய்கிறான்’ என்ற இடத்தில் முழு மதிப்பெண். பக்கத்தில் உங்களில் யாரோ சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். இன்றைக்கு உங்களிடம் பேசுவதற்காக எழுதி வைத்திருந்த காகிதம் பைக்குள்தான் இருக்கிறது. அது இருக்கட்டும்.

மக்களே, நானும் ஒரு காலத்தில் அப்படி முழு மதிப்பெண் போட்டவள்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பாறசாலையில் மிஷன்காரர்கள் நடத்திய சின்னத் தொழிற்கூடத்தில் வேலை. கால் விளங்காதவர்கள், காது கேளாதவர்கள், ‘புத்தி போதாதவர்கள்’ எல்லாருக்கும் பிரம்பு நாற்காலி பின்னப் படிப்பிப்போம். புத்தி போதாதவர்கள் என்பது அந்தக் காலத்துப் பேச்சு, மன்னிக்க வேண்டும். ஆட்டிசம் என்ற வார்த்தை எங்கள் பக்கம் வந்துசேர இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. வார்த்தை இல்லையே தவிர, ஆள் இருந்தான். அவன் பெயர் சாமுவேல். சாமு என்று கூப்பிடுவோம்.

பத்தொன்பது வயது, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். கொல்லயிலிலிருந்து தினமும் நடந்து வருவான். அவன் அம்மா ரூத்தம்மா அங்கே பிறர் வயலில் வேலை செய்தவர், அப்பா கிடையாது. சாமு யார் முகத்தையும் பார்க்க மாட்டான். எதைக் கேட்டாலும் கேட்ட கேள்வியையே, கேட்டவர் குரலிலேயே திருப்பிச் சொல்வான். “சாப்பிட்டியா சாமு?” என்றால் “சாப்பிட்டியா சாமு?” என்பான், என் மூக்கடைப்பையும் சேர்த்து. ஆனால் கையில் பிரம்பைக் கொடுத்துவிட்டால் போதும், பின்னலில் ஒரு கண்ணி தவறாது.

இரண்டு வருஷம் அவனோடு உழைத்தேன். ‘வா’ என்றால் வரவும், ‘நில்’ என்றால் நிற்கவும், ‘எடு’ என்றால் எடுக்கவும் பழக்கினேன். செய்தி கொண்டுபோகக்கூடப் பழக்கினேன். கடைக்காரர் ஏதாவது சொல்லி அனுப்பினால், “என்ன சொன்னாங்க சாமு?” என்று நான் கேட்பேன், அவர் சொன்னதை அப்படியே அவர் குரலில் ஒப்பிப்பான். பார்க்க வருகிறவர்கள் முன்னால் அவனை எழுந்து நிற்கச் சொல்லிக் காட்டுவேன். எவ்வளவு கீழ்ப்படிவு என்று மேற்பார்வையாளர் மெச்சுவார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

ரூத்தம்மா ஒருநாள் தொழிற்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

“டீச்சரே, ஒரு காரியம் சொன்னா கோவிக்கப்பிடாது.”

“சொல்லுங்க.”

“இவன் இப்பம் ஆரு என்ன சொன்னாலும் செய்யுகான். நேத்து ரோட்டுல போன ஒரு பய, சட்டையக் களத்துலேன்னு சொல்லியிருக்கான். களத்திக் குடுத்துட்டு வெறும் மேலோட வந்து நிக்கியான். எனக்குப் பயமா இருக்கு.”

நான் சிரித்தேன். “முன்னால யாரு சொன்னாலும் கேக்க மாட்டான்னு அழுதீங்க. இப்போ கேக்கான்னு அழுதா எப்படி?”

அவர் திரும்பிப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசும்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம் அது. மலையாள ராஜ்யத்திலிருந்த தெற்குத் தாலுக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம். விட முடியாது என்று அரசாங்கம். நெய்யாற்றின்கரையும் எங்கள் பாறசாலையும் யாருக்கு என்று முடிவாகவில்லை. வீட்டுக்குள் தமிழும் மலையாளமும் கலந்து பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். ரோட்டில் எந்த மொழியில் வாயைத் திறப்பது என்று யோசிக்க வேண்டி வந்தது அப்போதுதான். கூட்டம் கூடத் தடை. கையில் நோட்டீஸ் இருந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். ஓடிக்கொண்டிருந்த பஸ் திடீரென்று நிற்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரர்கள் பாதிப் பலகையை மட்டும் திறந்து வைத்து வியாபாரம் பார்த்தார்கள், ஓசை கேட்டால் சட்டென்று மூட வசதியாக. போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டுக் கேட்டு, மாவரைக்கும் மில் ஓடினால்கூட நெஞ்சு திடுக்கிடும்.

என் தம்பி வில்சன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அவனும் போராட்டத்தில் இருந்தான். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம். அப்பா வேதாகமத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். வில்சன் நல்ல பையன். சாமுவிடம் பிரியமாக இருப்பான். எங்கள் வீட்டுப் பக்கம் சாமு வந்தால் இவன்தான் பனங்கிழங்கு உரித்துக் கொடுப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை. சாமு ஒன்பது மணிக்கு வருவான். மழையானாலும் வெயிலானாலும் ஒன்பதுதான். அன்றைக்கு ஒன்பதரை ஆயிற்று, வரவில்லை. முந்தின நாள் வீட்டில் வைத்துச் சீவுவதற்காக ஒரு கட்டுப் பிரம்பு கொடுத்தனுப்பியிருந்தேன். அதைத் தலையில் சுமந்து வரவேண்டும், சுமையால் தாமதமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். பத்து மணிக்கு எதிர்ச் சாயாக்கடைக்காரர் ரோட்டைக் கடந்து ஓடி வந்தார்.

“டீச்சரே, உங்க நெடிய பையனப் போலீஸ் பிடிச்சு வச்சிருக்கு. பிரம்புக் கட்டுக்குள்ள நோட்டீஸ் இருந்ததாம்.”

“நோட்டீஸா? அவனுக்கு எழுத்தே தெரியாதே!”

“அத நீங்க போய்ச் சொல்லணும். பழைய ஆளுவ இல்ல, புதுசா வந்த போலீஸாக்கும். இவன அவங்களுக்குத் தெரியாது.”

செருப்பைப் போட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. ஸ்டேஷன் வாசலை மிதித்தபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“நின்றெ பேரெந்தாடா?”

“நின்றெ பேரெந்தாடா?”

உன் பெயர் என்ன என்று மலையாளத்தில். இரண்டும் ஒரே குரல்போல இருந்தன. முதலாவது இன்ஸ்பெக்டர், இரண்டாவது சாமு. பிறகு ஓர் அறைச் சத்தம்.

நான் உள்ளே போனேன். சாமு சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். பிரம்பெல்லாம் தரையில் சிதறிக் கிடந்தது. அடித்தவர் பக்கம் திரும்பாமல் அந்தப் பிரம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவை ஒழுங்கில்லாமல் கிடப்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. விரல்கள் தொடையில் தாளம்போல் அடித்துக்கொண்டே இருந்தன.

“சாறே, அடிக்காதீங்க. அவன் கேலி செய்யல்ல. அவன் பேச்சு அப்படித்தான் ஆக்கும்” என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் யார் என்று கேட்டார், சொன்னேன். ஓரத்தில் ஒரு வயதான ஏட்டு இருந்தார். அவர் எங்கள் பக்கத்துத் தமிழ் தெரிந்தவர். நான் சொன்னதை மலையாளத்தில் விளக்கினார். இன்ஸ்பெக்டர் சாமுவை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்போள் பிராந்தனாணோ?” பைத்தியக்காரனா என்று கேட்கிறார்.

அவர் கொடுமைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு வழிகூடக் காட்டினார். இவனுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கேஸ் கிடையாது. ஆனால் வெளியே விடவும் முடியாது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அப்படி இல்லை, புத்தி உள்ளவன்தான் என்றால், தெரிந்துதான் கொண்டுவந்திருக்கிறான். அப்போது தந்தவன் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வைக்க அவருக்குத் தெரியும். காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

பேனாவை எடுத்தேன். இதை மறைக்க மாட்டேன். ‘சாமுவேல் என்ற இந்த நபர்’ என்று எழுதியும் விட்டேன். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த அடி நிற்க வேண்டும் என்பதுதான். நெருக்கடியில் நாம் எல்லாரும் முதலில் தேடுவது அதைத்தான்: சத்தம் நின்றால் போதும். உங்களுக்கும் அப்படி வரும்போது கவனியுங்கள். நிற்க வேண்டியது அவனுடைய வேதனையா, உங்களுடைய தவிப்பா?

ஒரே ஒரு கையெழுத்து. அதற்குப் பிறகு அவன் எங்கே உறங்குவான், எப்போது வெளியே வருவான் என்று அவனும் சொல்ல முடியாது, ரூத்தம்மாவும் சொல்ல முடியாது. அவனுடைய ஆயுசை அந்த மேசையில் வைத்து நான் எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

“அவனுக்குப் பைத்தியம் இல்ல சாறே.”

“அப்படின்னா அவனுக்கு எல்லாம் தெரியும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அப்படியும் இல்ல.”

“பின்னே எந்தாணு?” பின்னே என்னதான் என்கிறார்.

அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. இன்றைக்கு உங்களிடம் இருக்கிறது, அன்றைக்கு இல்லை. கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அந்த ஏட்டு எழுந்து சாமுவிடம் போனார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். குரலைத் தாழ்த்தி, பிள்ளையிடம் கேட்பதுபோல், “என்ன சொன்னாங்க மக்கா?” என்றார்.

அது நான் படிப்பித்த கேள்வி. இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் நான் கேட்டுப் பழக்கிய அதே கேள்வி. சாமு நிமிர்ந்தான். விரல்கள் நின்றன. செய்தி ஒப்பிக்கிற குரலில் தெளிவாகச் சொன்னான்:

“எலே சாமு, இதயும் கட்டுக்குள்ள வச்சுக்கோ. நான் முன்னால போய் சந்த முக்குல நிக்கேன். அங்க கொண்டு தா. அக்காட்ட சொல்லிராத, கேட்டியா?”

கடைசி ‘கேட்டியா’வில் ஒரு சின்ன இழுப்பு. பிறந்த நாள் முதல் நான் கேட்டு வளர்ந்த இழுப்பு அது. என் தம்பி வில்சனுடைய குரல்.

முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அந்த அறையில் அந்தக் குரலை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

“ஆரு அக்கா?” என்று கேட்டார் ஏட்டு.

“ஆரு அக்கா?” என்றான் சாமு.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். “ஆராடா அக்கா?” என்றார். சாமு அதையும் அவர் குரலில் திருப்பிச் சொன்னான்.

நான் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒருவர் மேசையைச் சுற்றி நடந்து வருகிற நேரம். அவ்வளவு நேரமும் எனக்குள் ஓடியது என் தம்பியின் முகம் மட்டும்தான். இன்ஸ்பெக்டர் மேசையைச் சுற்றி வந்தார், கையை ஓங்கினார், அடித்தார். சாமுவின் கீழுதடு வெடித்து ரத்தம் சட்டையில் விழுந்தது. அவன் அழவில்லை. “கேட்டியா” என்றான், வில்சன் குரலில்.

மக்களே, முதல் அடிகள் அவர்களுடையவை. அந்த அடி என்னுடையது. நான் வாயைத் திறந்திருந்தால் விழுந்திருக்காது.

“அக்கா நான்தான்” என்றேன். “தந்தவன் என் தம்பி. நான் போய்க் கூட்டிட்டு வாறேன். இவனத் தொடாதீங்க.”

ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்த கடிகாரத்தைக் காட்டினார்; அரை மணி நேரம். சாமு அங்கேயே இருக்க வேண்டும் என்றார். அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் வழியில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். தரையில் கிடந்த பிரம்பை அவன் அடுக்கட்டும் என்றேன். ஏட்டு சரி என்றார். சாமு குந்தி உட்கார்ந்து அடுக்கத் தொடங்கினான், நான் ஓடினேன்.

சந்தை முக்கில் ஒரு மூடிய கடையின் முன்னால் வில்சன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பாடப்புத்தகம், சும்மா பிடித்துக்கொண்டு. என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது.

“அக்கா…”

“வா.”

“எங்க?”

“ஸ்டேஷனுக்கு. சாமு அங்க இருக்கான்.”

“அவன எதுக்குப் பிடிச்சாங்க? அவன ஒருத்தரும் சோதிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் அக்கா. ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு…”

“அதனாலதான் அவன்ட்ட குடுத்தியா?”

அவன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு மெதுவாக, “நான் போனா அடிச்சுக் கொல்லுவானுவ. தப்பிப் போக வழி உண்டு. குன்னத்துகாலுல ஆளு இருக்கு” என்றான்.

“போறதுன்னா போ. நான் உன்னப் பிடிச்சு இழுக்க மாட்டேன். ஆனா அவன் உதடு பொட்டியாச்சு. உன் குரலுல ஒப்பிச்சுக்கிட்டு நிக்கியான்.”

வில்சன் புத்தகத்தை என்னிடம் தந்தான். வேட்டியை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டான். எனக்கு முன்னாலேயே நடந்தான். அவனைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்லதெல்லாம் அந்த நடையில் இருக்கிறது.

சாமுவை விட்டார்கள். அடுக்கிய பிரம்பைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு, எப்போதும்போல் தொழிற்கூடத்தை நோக்கி நடந்தான். ஒன்பது மணி வேலைக்குப் பன்னிரண்டு மணிக்கு. வில்சன் பல மாதம் சிறையில் இருந்தான். வெளியே வந்தபோது இடது காது சரியாகக் கேட்கவில்லை. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். “ஊரான் பிள்ளைக்காகச் சொந்தத் தம்பியைக் காட்டிக் குடுத்தவ” என்று ஒரே ஒரு தடவை அம்மாவிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி. அந்த வீட்டில் நான் இருந்தேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்கு அந்த ஒரு வருஷம் போயிற்று.

சாமு மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் கொல்லயிலுக்குப் போனேன். அவன் கட்டிலுக்கடியில் படுத்திருந்தான். ரூத்தம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஒரு செம்புத் தண்ணீர் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“டீச்சரே, நீங்க அவனுக்கு எல்லாம் படிப்பிச்சீங்க. வரப் படிப்பிச்சீங்க, நிக்கப் படிப்பிச்சீங்க, சுமக்கப் படிப்பிச்சீங்க. மாட்டேன்னு சொல்ல மட்டும் படிப்பிக்கல்ல.”

என் இத்தனை வருஷத் தொழிலில் இதைவிடப் பெரிய பாடம் எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் தரவில்லை. எழுத்துத் தெரியாத ஒரு கூலிக்காரி, அடிபட்ட மகன் கட்டிலுக்கடியில் கிடக்கும்போது, கோபமில்லாமல் சொன்னது.

அதைத்தான் இரண்டு பேருமாகப் பிறகு படிப்பித்தோம். எப்படி என்ற விவரத்தை உங்கள் புத்தகங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லும். சொல்லாத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன். ஒருவன் ‘மாட்டேன்’ என்று சொல்லப் பழகினால், கேட்கிறவர்கள் நாமும் நிற்கப் பழக வேண்டும். அதுதான் கஷ்டம். முதலில் பாகற்காயை வேண்டாம் என்றான், சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டோம். பிறகு குளிக்க மாட்டேன் என்றான். முடிவெட்ட மாட்டேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வர மாட்டேன் என்றான். ஊர் என்னைத்தான் ஏசியது. கடைசியில் ஒருநாள் பிரம்புக் கட்டை அவன் முன்னால் வைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “மாட்டேன்” என்றான்.

மேற்பார்வையாளருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருஷப் பயிற்சி வீணா, கொஞ்சம் அதட்டினால் எடுத்துவிடுவான் என்றார். அது உண்மைதான், அதட்டினால் எடுத்திருப்பான். எனக்கும் ஆசைதான். அவ்வளவு நல்ல பின்னல்காரன் எங்களிடம் வேறு இல்லை. ஆனால் அவன் சொன்ன முதல் பெரிய ‘மாட்டேன்’ அது. அதை மிதித்தால் பிறகு அவனுக்கு வேறொன்று சொல்ல வராது என்று தோன்றியது. பிரம்பை நானே எடுத்து உள்ளே வைத்தேன்.

அதன்பிறகு நான் பார்த்துக் கொடுத்த மூன்று வேலைகளை மாட்டேன் என்றான். நாலாவதை அவனே கண்டுபிடித்தான். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற ஒரு முற்றம் இருந்தது. வெள்ளை விரிப்புகள் வரிசையாகக் காற்றில் ஆடும். அதன் வேலிக்கு வெளியே தினமும் போய் நிற்பானாம், எனக்குத் தெரியாது. அங்கே மேற்பொறுப்பாக இருந்தவர் பூவார் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் பெயரை நான் சொல்லாவிட்டாலும் அவருக்குக் கோபம் வராது. பெயரைவிடக் காரியம் பார்த்தவர். நாலு நாள் பார்த்தாராம். ஐந்தாம் நாள் வேலியைத் திறந்து, ஒரு விரிப்பின் முனையைக் காட்டி, “பிடிக்கியா?” என்று கேட்டாராம். பிடித்தான்.

நான் விவரம் கேள்விப்பட்டு அங்கே ஓடினேன். அவனுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, எப்படிச் சொன்னால் புரியும் என்று மூச்சுவிடாமல் அவரிடம் அடுக்கினேன். அவர் சவுக்காரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, “டீச்சரே, அவன் தெக்க நிக்கியான். அவன்ட்ட கேட்டுக்கிடுதேன்” என்றார். நான் வெட்கப்பட்டுத் திரும்பினேன். அவரிடம் சாமு இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தான். தப்பாக மடித்தால் மற்றவர்களைத் திட்டுவதுபோல் அவனையும் திட்டுவார். அவன் மாட்டேன் என்றால் மற்றவர்களிடம் கேட்பதுபோல், “பின்ன ஆரு செய்யது?” என்பார்.

வில்சன் சிறையிலிருந்து வந்த பிறகு அந்த முற்றத்துக்குப் போனான். மன்னிப்புக் கேட்கப் போனவன், “எலே சாமு” என்று கூப்பிட்டான். அந்தக் குரலைக் கேட்டதும் சாமு அன்றைய செய்தி முழுவதையும் ஒப்பித்தான், ‘கேட்டியா’ வரைக்கும். பிறகும் எப்போது கண்டாலும் அப்படித்தான். என் தம்பி எல்லை கடந்து நாகர்கோவிலில் வேலைக்குப் போனான். எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்ட ஏமாற்றம் அவனுக்கு உண்டு. ஆனால் அவன் இந்தப் பக்கம் அடிக்கடி வராததற்குக் காரணம் அது மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். என்னை அவன் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. அதுவும் எனக்கு நிம்மதியாக இல்லை.

இன்னொன்றைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

எல்லை பிரிந்த பிறகு முதல் தேர்தல் வந்தது. அன்று ஓட்டுக்கு வேண்டிய இருபத்தொரு வயது சாமுவுக்குத் தாண்டியிருந்தது. பட்டியலில் பெயர் இருந்தது. ‘இவனுக்கு எதுக்கு ஓட்டு?’ என்று கேட்டவர்கள்தான் முதலில் அவன் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு கட்சிக்காரர் ரூத்தம்மாவிடம், “நான் கூடப் போறேன், எங்க போடணும்னு காட்டிக் குடுக்கேன்” என்றார். ரூத்தம்மா என்னைப் பார்த்தார். எனக்கும் நாக்கு துடித்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது, நாம் சொல்லிக் கொடுப்பது நல்லதுதானே என்று அத்தனைக்குப் பிறகும் என் மனசு சொன்னது.

“அவன்ட்ட கேளுங்க” என்றேன்.

கேட்டார். சாமு அவருக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, “மாட்டேன்” என்றான்.

வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடம்வரை நானும் ரூத்தம்மாவும் போனோம். வாசலோடு நின்றோம். உள்ளே அதிகாரி சீட்டைப் பார்த்துவிட்டு, “சாமுவேல் தானே?” என்று கேட்டது எங்களுக்குக் கேட்டது. “சாமுவேல் தானே” என்றான். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். விரலில் மை வைத்தார்கள். அன்றெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். சீட்டைக் கொண்டுபோய் மறைப்புக்குள் போட வேண்டும். சாமு மறைப்புக்குள் போனான்.

வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவன் சிரித்தான். உள்ளே ஓடிப்போய் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வரவேண்டும் என்று என் கால் இரண்டும் பரபரத்தன. ரூத்தம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மறைப்புத் துணி ஆடுவதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெளியே வந்தான். கையில் சீட்டு இல்லை. எங்களைத் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் நடக்கத் தொடங்கினான். துணி காய்கிற நேரம். நான் பின்னால் ஓடிப்போய், மூச்சு வாங்க, கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

“ஆருக்குப் போட்ட மக்கா?”

என் கேள்வியைத் திருப்பித் தருவான் என்று காத்திருந்தேன். அவன் நின்றான். மை வைத்த விரலை ஒருதரம் பார்த்தான். என் குரலிலோ வேறு யார் குரலிலோ இல்லாமல், கொஞ்சம் கரகரப்பாக, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னான்:

“சொல்ல மாட்டேன்.”

சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.